ஃபெர்மியோடு தேர்வான இயற்பியலாளர்... வட துருவத்தில் மறைந்தது எப்படி? 'இத்தாலியா' ஏர்ஷிப்பில் காணாமல் போன 6 பேரின் கதை

1926-ஆம் ஆண்டு. இத்தாலியில் முதல் முறையாக 'கோட்பாட்டு இயற்பியல்' என்ற பாடத்துக்குத் தனியாகப் பேராசிரியர் பதவிகளை உருவாக்கினார்கள். நாடு முழுவதும் இருந்து விண்ணப்பங்கள் வந்தன. தேர்வுக் குழு அலசி ஆராய்ந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தது.

முதல் இடம், என்ரிகோ ஃபெர்மி. இவரை உலகத்துக்கே தெரியும். 1938-ல் நோபல் பரிசு வாங்கினார். 1942-ல் சிகாகோவில் உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார்.

இரண்டாம் இடம், என்ரிகோ பெர்சிகோ. ஃபெர்மியின் பள்ளிக்கால நண்பர். பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்து, ஒரு தலைமுறை மாணவர்களுக்கு நவீன இயற்பியலைச் சொல்லிக்கொடுத்தவர்.

மூன்றாம் இடம், ஆல்டோ பொன்ட்ரெமோலி. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். காரணம், தேர்வாகி இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 1928 மே 25 அன்று, ஆர்க்டிக் பனிக்கடலுக்கு மேலே ஒரு ராட்சத பலூனோடு சேர்ந்து அவர் மறைந்து போனார். அவரோடு இன்னும் ஐந்து பேர். அந்த 6 பேருக்கு என்ன ஆச்சு என்பதற்கு இன்றுவரை ஒரு தடயம்கூட கிடைக்கவில்லை.

யார் இவர்? பேனாவும் பேப்பரும் இருந்தாலே வேலை நடக்கும் என்று சொல்லப்படுகிற துறையின் பேராசிரியருக்கு வட துருவத்தில் என்ன வேலை? அன்றைக்கு என்னதான் நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பொன்ட்ரெமோலி?

1896-ல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போர் வந்ததும் ராணுவத்துக்குப் போனார். போர் முடிந்து திரும்பி வந்து, ரோம் நகரில் 1920-ல் இயற்பியல் பட்டம் பெற்றார். பிறகு ஓர்சோ மாரியோ கோர்பினோவிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

இந்த கோர்பினோ யார் என்றால், இத்தாலியின் அன்றைய இயற்பியல் உலகில் ரொம்பவே செல்வாக்கான மனிதர். திறமையான இளைஞர்களைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவந்தவர். ஃபெர்மியை ரோமுக்கு அழைத்து வந்ததும் இவர்தான்.

1924-ல் மிலானில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அங்கே இயற்பியல் ஆய்வுக்கூடத்தை உருவாக்கும் பொறுப்பு பொன்ட்ரெமோலியிடம் வந்தது. அப்போது அவருக்கு 28 வயது. புதிய பல்கலைக்கழகம் என்பதால் எல்லாவற்றையும் ஆரம்பத்தில் இருந்து செய்ய வேண்டிய நிலை. கருவிகள் வாங்க வேண்டும், பணம் திரட்ட வேண்டும், ஆட்களைச் சேர்க்க வேண்டும், பாடமும் நடத்த வேண்டும். இந்த வேலைகளுக்கு நடுவில்தான் 1926-ல் ஃபெர்மி, பெர்சிகோவோடு மூன்றாவது ஆளாகப் பேராசிரியர் பதவிக்குத் தேர்வானார். ஃபெர்மிக்கு ரோம், பெர்சிகோவுக்கு ஃப்ளோரன்ஸ், இவருக்குச் சொந்த ஊரான மிலான்.

சரி, இப்படி ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டிருந்தவர் எப்படித் துருவத்துக்குப் போனார்?

ஏர்ஷிப்பில் வட துருவம்... ஏன்?

அன்றைய விமானங்களால் ரொம்ப தூரம் பறக்க முடியாது. நினைத்த இடத்தில் நிதானமாக நின்று எதையும் அளக்கவும் முடியாது. ஆனால் ஏர்ஷிப் அப்படி இல்லை. காற்றைவிட எடை குறைந்த ஹைட்ரஜன் வாயுவை நிரப்பிய பிரம்மாண்டமான பை. அதற்குக் கீழே மனிதர்கள் உட்கார ஒரு கேபின், தள்ளிக்கொண்டு போக இன்ஜின்கள். நாள்கணக்கில் வானத்தில் இருக்கலாம், மெதுவாகப் போகலாம், கருவிகளையும் ஏற்றிக்கொள்ளலாம்.

இத்தாலிய ராணுவப் பொறியாளர் உம்பெர்டோ நோபிலே இந்த ஏர்ஷிப்களை வடிவமைப்பதில் கில்லாடி. 1926 மே மாதம், நார்வேயின் புகழ்பெற்ற துருவப் பயணி ரோல்ட் அமுண்ட்சென், அமெரிக்காவின் லிங்கன் எல்ஸ்வொர்த் ஆகியோரோடு சேர்ந்து, தான் வடிவமைத்த 'நார்கே' ஏர்ஷிப்பை வட துருவத்துக்கு மேலே ஓட்டிச் சென்று அலாஸ்கா வரை கொண்டுபோனார்.

பயணம் வெற்றிதான். ஆனால் பெருமை யாருக்கு என்பதில் அமுண்ட்செனுக்கும் நோபிலேவுக்கும் பெரிய சண்டை மூண்டது.

அடுத்து நோபிலே, முழுக்க இத்தாலியின் பெயரில் ஒரு பயணத்துக்குத் திட்டமிட்டார். ஏர்ஷிப்பின் பெயரே 'இத்தாலியா'. நீளம் சுமார் 106 மீட்டர். அதாவது ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம். இந்த முறை துருவத்தைத் தொட்டுவிட்டு வருவது மட்டும் நோக்கம் இல்லை. ஆராய்ச்சிக்கும் முக்கிய இடம் கொடுத்தார்கள். மிலான் நகரம் இந்தப் பயணத்துக்குப் பெரிய ஆதரவாக நின்றது. ஏர்ஷிப் புறப்பட்டதே மிலானில் இருந்துதான், 1928 ஏப்ரல் மாதம்.

கடைசித் துருவப் பயணத்தில் மொத்தம் 16 பேர். அதில் மூன்று பேர் விஞ்ஞானிகள்.

* ஃபின் மால்ம்கிரென், ஸ்வீடன். வானிலை ஆய்வாளர்.

* ஃப்ரான்டிசெக் பெஹோனெக், செக்கோஸ்லோவாக்கியா. கதிரியக்கம், வளிமண்டல மின்சாரம் ஆகியவற்றில் நிபுணர்.

* ஆல்டோ பொன்ட்ரெமோலி, இத்தாலி. பூமியின் காந்தப்புலம் இவர் பொறுப்பு.

அங்கே போய் எதை அளக்கப் போனார்கள்?

பூமி ஒரு பெரிய காந்தம் மாதிரி என்று பள்ளியில் படித்திருப்போம். காம்பஸ் முள் வடக்கு நோக்கி நிற்பது அதனால்தான். ஆனால் துருவப் பகுதிக்குப் போகப் போக காம்பஸ் குழம்ப ஆரம்பித்துவிடும். அங்கே காந்த விசை பெரும்பாலும் நேராகத் தரைக்குள் இறங்கும் திசையில் இருக்கும். முள்ளைப் பக்கவாட்டில் திருப்புகிற விசை ரொம்பக் குறைந்துவிடும். அந்த விசை எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு 1928-ல் வட துருவப் பகுதியில் அளவீடுகள் மிக மிகக் குறைவு. வரைபடத்தில் பெரிய வெற்றிடம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பெரிய கேள்வியும் இருந்தது. விண்வெளியில் இருந்து ஏதோ ஒரு கதிர்வீச்சு பூமிக்கு வந்துகொண்டே இருக்கிறது என்பதை 1912-ல் பலூனில் பறந்து கண்டுபிடித்தவர் விக்டர் ஹெஸ். இன்று நாம் 'காஸ்மிக் கதிர்கள்' என்று சொல்வது இதைத்தான். அது ஒளி போன்ற கதிரா, இல்லை மின்னூட்டம் கொண்ட துகள்களா? 1928-ல் இதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை.

இங்கேதான் துருவம் முக்கியமாகிறது. அவை மின்னூட்டம் கொண்ட துகள்களாக இருந்தால், பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைத்துவிடும். பூமத்திய ரேகைப் பக்கம் குறைவாகவும், துருவங்களின் பக்கம் அதிகமாகவும் வந்து விழும். வெறும் ஒளியாக இருந்தால் எங்கே அளந்தாலும் காந்தத்தால் எந்த வித்தியாசமும் வராது. அப்படியானால் உலகத்தின் பல இடங்களில், வட துருவம் உட்பட, போய் அளந்துதான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது.

நம் ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊட்டி, காந்தப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் அங்கே பூமியின் காந்தக் கவசம் வலுவானது, ஆற்றல் குறைந்த துகள்கள் உள்ளே வரவே முடியாது. 2015 ஜூன் 22 அன்று ஒரு சூரியப் புயலின்போது அந்தக் கவசம் கொஞ்ச நேரம் பலவீனமானதை ஊட்டி கருவிகள் பதிவு செய்தன. இன்று இவ்வளவு நுட்பமாகப் பேச முடிகிற விஷயத்தின் அரிச்சுவடியைத்தான் 1928-ல் ஏர்ஷிப்பில் போய் எழுதப் பார்த்தார்கள்.

துருவத்துக்கு மேலே என்ன நடந்தது?

நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளில் நி-ஆலெசுண்ட் என்ற சின்ன ஊர்தான் பயணத்தின் தளம். அங்கிருந்து மூன்று முறை புறப்பட்டார்கள். முதல் முயற்சி மே 11, மோசமான வானிலையால் பாதியில் திரும்பியது. இரண்டாவது பயணம் மே 15 முதல் 18 வரை. 69 மணி நேரம் பறந்து, அதுவரை யாரும் பார்க்காத பகுதிகளை ஆராய்ந்துவிட்டு பத்திரமாகத் திரும்பினார்கள்.

மூன்றாவது பயணம்தான் துருவத்துக்கு. மே 23 அதிகாலை புறப்பட்டு, மே 24 நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் வட துருவத்துக்கு மேலே போய்விட்டார்கள். கோடைகாலம் என்பதால் அங்கே நள்ளிரவிலும் சூரியன் மறையாது.

விஞ்ஞானிகள் உட்பட ஒரு சிறு குழுவைப் பனியில் இறக்கி, அங்கேயே அளவீடுகள் எடுப்பது திட்டம். அதற்காக ஒரு கூடாரம், உறங்கும் பை, உணவு, கையடக்க ரேடியோ எல்லாம் தயாராக எடுத்துப்போயிருந்தார்கள். ஆனால் காற்று பலமாக அடித்தது. இறக்க முடியவில்லை. இத்தாலியக் கொடியையும், போப் கொடுத்தனுப்பிய சிலுவையையும் மேலே இருந்தே போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

இந்தக் கூடாரத்தையும் ரேடியோவையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

போகும்போது பின்னால் இருந்து தள்ளிய காற்று, திரும்பும்போது எதிர்க்காற்றாக மாறியது. அதே காற்றின் போக்கிலேயே வேறு திசையில் போய்விடலாமா என்று நோபிலே யோசித்தார். காற்று சீக்கிரம் தணிந்துவிடும், தளத்துக்கே திரும்பலாம் என்பது மால்ம்கிரெனின் கணிப்பு. அந்தக் கணிப்பு பலிக்கவில்லை. மூடுபனி வேறு. புரொப்பெல்லரில் படிந்த பனிக்கட்டிகள் தெறித்து வந்து ஏர்ஷிப்பின் துணியைக் கிழித்தன. ஊழியர்கள் ஓடி ஓடி அதை ஒட்டிக்கொண்டே வந்தார்கள்.

மே 25, காலை 10.33: அந்த சில நொடிகள்

காலை 9.30 மணி வாக்கில், ஏர்ஷிப்பை மேலும் கீழும் திருப்புகிற சுக்கான் இறுகிக்கொண்டது. மூக்கு கீழ்நோக்கி இருந்ததால் இன்ஜின்களை நிறுத்தினார்கள். ஏர்ஷிப் தானாக மேலே எழும்பி, மூடுபனியைத் தாண்டி வெயிலுக்குள் போனது. சுக்கானைச் சரிசெய்து மறுபடி கிளம்பினார்கள். வெயில் பட்டால் வாயு விரியும், விரிந்தால் அழுத்தம் ஏறி வால்வு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். அந்த இழப்பா, பனி படிந்ததா, வேறு ஏதாவது கோளாறா... காரணம் பற்றி இன்றும் விவாதம் ஓயவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஏர்ஷிப்பின் பின்பக்கம் கனத்து, வேகமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டினார்கள். பலன் இல்லை. காலை 10.33 மணி அளவில், கடல் மேல் மிதந்துகொண்டிருந்த பனிப்பரப்பில் மோதியது.

மோதிய வேகத்தில், கீழே தொங்கிய கேபின் பிய்த்துக்கொண்டு பனியில் சிதறியது. அதில் இருந்த நோபிலே, மால்ம்கிரென், பெஹோனெக் உட்பட 9 பேர் பனியில் விழுந்தார்கள். பின்பக்க இன்ஜின் அறையும் நொறுங்கியது. அதில் இருந்த வின்சென்சோ போமெல்லா அந்த இடத்திலேயே உயிரிழந்தார்.

மீதி 6 பேர் அப்போது ஏர்ஷிப்பின் வேறு பகுதிகளில் இருந்தார்கள். நீண்ட வேலையால் களைத்து, பொன்ட்ரெமோலியும் பத்திரிகையாளர் உகோ லாகோவும் பின்பகுதியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரெனாட்டோ அலெஸாண்ட்ரினி, எட்டோரே அர்துயினோ, அட்டிலியோ கராட்டி, கலிஸ்டோ சியோக்கா ஆகிய நால்வர் ஏர்ஷிப்பைப் பராமரிக்கும் தொழில்நுட்ப ஊழியர்கள். கேபின் பிய்ந்து விழுந்த அடுத்த நொடி, இந்த 6 பேரோடு அந்த ராட்சத பலூன் திரும்பவும் வானத்தில் ஏறிவிட்டது.

அது ஏன் மேலே போச்சு?

இதைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு போதும். தண்ணீரில் மரக்கட்டை மிதக்கிற அதே தத்துவம்தான். ஒரு கன மீட்டர் காற்றின் எடை, குளிர் பிரதேசத்தில் சுமார் 1.3 கிலோ. அதே அளவு ஹைட்ரஜனின் எடை 100 கிராம்கூட இல்லை. அப்படியானால் ஒவ்வொரு கன மீட்டர் ஹைட்ரஜனும் சுமார் 1.2 கிலோவைத் தூக்கும். 'இத்தாலியா'வின் கொள்ளளவு சுமார் 18,500 கன மீட்டர். முழுக்க நிரம்பியிருந்தால் 22 டன் அளவுக்குத் தூக்கும் சக்தி.

மோதுவதற்கு முன்பு எடை கொஞ்சம் அதிகம், தூக்கும் சக்தி கொஞ்சம் குறைவு. அதனால் இறங்கியது. கேபின், அதில் இருந்த 9 பேர், கருவிகள், ஒரு இன்ஜின் அறை என இவ்வளவு எடை ஒரே நொடியில் கழன்று விழுந்ததும் கணக்கு தலைகீழானது. இப்போது தூக்கும் சக்தி அதிகம், எடை குறைவு. பலூன் எழும்பியே தீரும்.

அதை ஓட்டுகிற சுக்கான் கட்டுப்பாடுகள் எல்லாம் கீழே விழுந்த கேபினில் இருந்தன. மேலே போனவர்களால் காற்று இழுத்த இழுப்புக்குப் போவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. பலூன் மேலே எழும்புகிற அந்த நேரத்திலும், தலைமை மெக்கானிக் அர்துயினோ கையில் கிடைத்த பொருள்களை எல்லாம் பனியில் விழுந்தவர்களுக்காகக் கீழே தள்ளிவிட்டார் என்று சொல்லப்படுகிறது.

பெஹோனெக் கேபினில் இருந்தார், பனியில் விழுந்தார். பொன்ட்ரெமோலி பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார், வானத்துக்குப் போனார். ஒரே ஆராய்ச்சிக்காகப் போன இரண்டு விஞ்ஞானிகளின் தலையெழுத்தை, அந்த நொடியில் யார் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பதுதான் தீர்மானித்தது.

கீழே விழுந்தவர்களைக் காப்பாற்றியது எது?

ஞாபகம் வைக்கச் சொன்னோமே, அந்தக் கூடாரமும் ரேடியோவும்தான். துருவத்தில் இறங்கி ஆராய்ச்சி செய்வதற்காக எடுத்துப்போன அந்தப் பொருள்கள் கேபினோடு சேர்ந்து பனியில் விழுந்திருந்தன. பனியில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கூடாரத்தில் சிவப்புச் சாயம் பூசினார்கள். 'சிவப்புக் கூடாரம்' என்ற பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1969-ல் இதே பெயரில் படமும் வந்தது. அதில் அமுண்ட்செனாக நடித்தவர் ஷான் கானரி.

ரேடியோ ஆபரேட்டர் ஜூசெப்பே பியாகி விடாமல் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஸ்வால்பார்டில் நின்ற துணைக் கப்பலுக்கு அது சேரவே இல்லை. சிற்றலை ரேடியோவின் குணம் அது. அலைகள் மேலே போய், வளிமண்டலத்தின் உச்சியில் பட்டுத் தெறித்து வெகு தொலைவில் வந்து இறங்கும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது, எங்கோ இருப்பவருக்குக் கேட்கும். ஜூன் 3 அன்று, சோவியத் நாட்டின் ஒரு கிராமத்தில் நிகோலாய் ஷ்மிட் என்ற இளைஞர், தானே செய்த ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டார். 16 பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்த உலகத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

பல நாடுகள் தேடலில் இறங்கின. ஜூன் 23-ல் ஒரு ஸ்வீடன் விமானி நோபிலேவை மட்டும் முதலில் தூக்கி வந்தார். கேப்டன் முதலில் வந்துவிட்டாரே என்று அவரை வாழ்நாள் முழுக்க விமர்சித்தார்கள். ஜூலை 12-ல் சோவியத்தின் பனி உடைக்கும் கப்பலான 'கிராசின்' மற்றவர்களை மீட்டது. நடந்தே உதவி தேடக் கிளம்பிய மூவரில் மால்ம்கிரென் வழியிலேயே உயிரிழந்துவிட்டார்.

பழைய பகையை மறந்து நோபிலேவைத் தேடக் கிளம்பிய அமுண்ட்சென், ஜூன் 18 அன்று நார்வேயின் துரோம்சோவில் இருந்து 'லாதாம்' என்ற விமானத்தில் பறந்தார். அவரும் உடன் சென்ற ஐவரும் திரும்பவே இல்லை.

பலூனோடு போன 6 பேர் என்ன ஆனார்கள்?

பலூன் மூடுபனிக்குள் மறைந்த கொஞ்ச நேரத்தில், தூரத்தில் மெல்லிய புகை ஒன்று எழுந்ததைக் கூடாரக் குழுவினர் சிலர் பார்த்தார்கள். பலூன் மறுபடி விழுந்து தீப்பிடித்திருக்கலாம், ஹைட்ரஜன் சட்டென்று பற்றக்கூடிய வாயு என்பது ஒரு விளக்கம். பத்திரமாக இறங்கியவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்ட எண்ணெயைக் கொளுத்தியிருக்கலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. இரண்டில் எது என்று சொல்ல சாட்சி யாரும் இல்லை.

ரேடியோவில் தொடர்பு கிடைத்ததும், 6 பேர் பலூனோடு போய்விட்டார்கள் என்பதையும் கூடாரக் குழு தெரிவித்தது. ஆனால் மீட்புப் படைகளுக்கு, இடம் தெரிந்த கூடாரத்துக்கே போய்ச்சேர முடியாத நிலை. இடமே தெரியாத பலூனை எங்கே போய்த் தேடுவது? இன்னொரு சிக்கல், அங்கே தரை என்பதே கிடையாது. கடல் மேல் மிதக்கிற பனிப்பாளங்கள்தான். நீரோட்டத்தோடும் காற்றோடும் அவை தினமும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு இடத்தில் விழுந்த பொருள் சில நாள் கழித்து வேறெங்கோ இருக்கும். கோடையில் பனி உருகி உடைந்தால் கடலுக்கு அடியில் போய்விடும்.

கூடாரக் குழுவிடம் ரேடியோ இருந்தது. வானத்தில் போனவர்களிடம் இருந்து ஒரு சிக்னல்கூட வரவில்லை.

'கிராசின்' அந்த ஆண்டு கோடைக்குப் பிறகும் தேடிப் பார்த்தது. 1929-ல் இத்தாலிய மலையேற்ற வீரர் ஜியானி ஆல்பர்டினி தலைமையில் ஒரு குழு இதற்காகவே ஆர்க்டிக் போனது. ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கவில்லை. பொன்ட்ரெமோலிக்கு அப்போது வயது 32.

மொத்தக் கணக்கு: 'இத்தாலியா'வில் போன 16 பேரில் உயிரோடு திரும்பியவர்கள் 8 பேர். தேடப் போன அமுண்ட்சென் விமானத்தில் 6 பேர் பலி.

இழப்பு என்ன? மிச்சம் என்ன?

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நோபிலே செய்தது சரியா தப்பா, அமுண்ட்சென் ஏன் போனார், மால்ம்கிரெனை விட்டுவிட்டு வந்தது நியாயமா என்றே விவாதம் போகும். பலூனோடு போன 6 பேருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு ஆய்வுக்கூடத்தின் எதிர்காலமும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1928-ல் ரோமில் ஃபெர்மியைச் சுற்றி ஒரு இளைஞர் பட்டாளம் உருவாகிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அணு இயற்பியலில் உலகமே திரும்பிப் பார்த்த குழு அது. மிலானில் அதே காலத்தில் நான்கு வயதே ஆன ஆய்வுக்கூடம், அதை உருவாக்கியவரை இழந்து நின்றது.

விடை தேடிய கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில், பல நாட்டு விஞ்ஞானிகள் உலகின் பல அட்சரேகைகளில் காஸ்மிக் கதிர்களை அளந்தார்கள். பூமத்திய ரேகைப் பக்கம் குறைவு, அதைவிட்டு விலகிப் போகப் போக அதிகம் என்று 1930-களின் தொடக்கத்தில் உறுதியானது. அவை மின்னூட்டம் கொண்ட துகள்கள்தான் என்ற முடிவுக்கு அது முக்கியமான ஆதாரம். பனியில் விழுந்து பிழைத்த பெஹோனெக் நாடு திரும்பி, 1973 வரை வாழ்ந்தார். கதிரியக்க ஆய்வைத் தொடர்ந்தார், இந்தப் பயணத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

மிலானிலும் காலம் திரும்பியது. 1952-ல் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்ற ஜூசெப்பே ஒக்கியாலினி அங்கே வந்து சேர்ந்தார். பிற்பாடு விண்வெளி இயற்பியலில் முக்கியமான மையமாக மிலான் வளர்ந்தது. மிலான் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பெயர் இன்று 'ஆல்டோ பொன்ட்ரெமோலி இயற்பியல் துறை'.

இன்றைக்கும் துருவத்துக்குப் போக வேண்டுமா?

பூமியின் காந்தப்புலத்தை இப்போது செயற்கைக்கோள்கள் மேலே இருந்தே அளக்கின்றன. ஒரு பேராசிரியர் உயிரைப் பணயம் வைத்து ஏர்ஷிப்பில் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் துருவப் பகுதியில் நேரில் இருந்து செய்ய வேண்டிய வேலைகள் இன்னும் இருக்கின்றன. பனிப்பாறைகள் எவ்வளவு வேகமாக உருகுகின்றன, காற்றில் என்னென்ன துகள்கள் மிதக்கின்றன என்பதை எல்லாம் அங்கேயே இருந்து கவனிக்க வேண்டும்.

இந்தியாவும் அங்கே இருக்கிறது. நம் நாட்டின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான 'ஹிமாத்ரி' 2008-ல் திறக்கப்பட்டது. 2023 டிசம்பரில் இருந்து, 24 மணி நேரமும் இருள் சூழ்ந்திருக்கும் குளிர்காலத்திலும் நம் விஞ்ஞானிகள் அங்கே தங்கி ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்கள்.

ஹிமாத்ரி இருக்கும் ஊர் எது தெரியுமா? 'இத்தாலியா' கடைசியாகக் கிளம்பிய அதே நி-ஆலெசுண்ட்தான். ஏர்ஷிப்பைக் கட்டி நிறுத்துவதற்காக 1926-ல் எழுப்பிய இரும்புக் கோபுரம் இன்றும் அந்த ஊரின் ஓரத்தில் நிற்கிறது. அங்கே ஆராய்ச்சிக்குப் போகிற எந்த நாட்டு விஞ்ஞானியும் அதைப் பார்க்காமல் வர முடியாது. 1928 மே 23 அதிகாலை அந்த ஊரில் இருந்து கிளம்பிய 16 பேரில், தன் கருவிகளோடு ஆல்டோ பொன்ட்ரெமோலியும் ஒருவர்.